முன்காச்சியும் மூன்று பெரிய படங்களும்

ஹங்கேரியச் சித்திரக்காரர் மிஹாய் முன்காச்சியைப் புகழ்கிறவர்களில் பலர், அவர் கிறிஸ்துவைப் பற்றி எழுதிய மூன்று பிரம்மாண்டமான படங்களைத்தான் சிகரம் என்று சொல்லுகிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை. சிகரம் அல்ல, சரிவு என்பது என் கட்சி.

1844ல் முன்காச் என்ற ஊரில் பிறந்தவர் அவர். ஊர் இன்று உக்ரைனில் இருக்கிறது. சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, தச்சுப் பட்டறையில் வேலை பழகினார். கொட்டாவி விடும் பட்டறைப் பையன் ஒருவனைப் பின்னால் எழுதியிருக்கிறார். வயிறு நிறையத் தூங்காத பையனை உள்ளிருந்து அறிந்தவனுக்குத்தான் அந்தக் கொட்டாவி வரும். 1870ல் பாரிஸ் ஸலோனில் தங்கப் பதக்கம் வாங்கிய படம் 'மரண தண்டனைக் கைதியின் கடைசி நாள்'. சாகப்போகிறவனை ஊரார் வந்து பார்க்கிறார்கள். பரிதாபம் கொஞ்சம், வேடிக்கை கொஞ்சம். குழந்தைகூட நிற்கிறது. ஊர் என்றால் இதுதானே! இதை எழுதியபோது அவருக்கு வயது 26கூட நிறையவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? பாரிஸ் ஆயிற்று. 1874ல் ஒரு பாரனின் விதவையை மணந்தார், மாளிகை வந்தது, பட்டுத் திரையும் பூச்சாடியுமாக வரவேற்பறைப் படங்கள் வந்தன. செடல்மேயர் என்ற படவியாபாரி வந்தார். 1881ல் எழுதிய 'பிலாத்துவின் முன் கிறிஸ்து' ஊர் ஊராகக் காசு வாங்கிக்கொண்டு காட்டப்பட்டது. கடைசியில் அதை வாங்கியவர் வானமேக்கர் என்ற அமெரிக்க ஜவுளிக்கடை முதலாளி.

வயிற்றுப்பாட்டுக்காக என்று யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். வயிறு நிறைந்த பிறகு நடந்த காரியம் இது. பக்தியைக் குறை சொல்லவில்லை. அளவைக் கண்டு மயங்குவதைத்தான் சொல்லுகிறேன். அந்தப் படத்திலும் உயிரோடு இருப்பது, கைகளைத் தூக்கிக் கூச்சல் போடும் ஒருவன்தான். அவன் பழைய சிறை அறையிலிருந்து தப்பி வந்தவன்!

(அவர் தாராளமாகப் பூசிய தார்ச் சாயம் வருஷத்துக்கு வருஷம் படங்களைக் கறுக்க வைக்கிறது. அது இரு வகைக்கும் பொது.)

கை கெட்டுவிட்டதா என்றால், இல்லை. உடம்பும் மனமும் தளர்ந்திருந்த 1895ல் 'வேலைநிறுத்தம்' எழுதினார். தொழிலாளிகள் மறுபடி வந்தார்கள். மறு வருஷமே மூன்றாவது கிறிஸ்து படத்தை முடித்தார். 1900ல் பான் நகரை அடுத்த எண்டெனிக்கில் ஒரு மனநோய் விடுதியில் இறந்தார். இடையில் கழிந்த இருபது வருஷத்துக்குச் செடல்மேயரின் கணக்குப் புத்தகம் பதில் சொல்லாது.