சுவரில் கீறியவர்களுக்கு ஒரு டீச்சரின் கடிதம்



பெஞ்சிலும் சுவரிலும் காம்பஸ் முனையால் கீறியவர்களை எத்தனை முறை முட்டி போட வைத்திருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். அந்த விஷயத்தில் இன்று கொஞ்சம் இறங்கி வருகிறேன். காரணம், இங்கிலாந்தின் ஒரு கிராமத்துத் தேவாலயம்.

லண்டனுக்கு வடக்கே, ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஆஷ்வெல் என்றொரு ஊர். அங்குள்ள புனித மரியாள் தேவாலயம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோபுரத்தின் உயரம் 176 அடி. சுண்ணக்கல்லால் கட்டியது, ஆணியால் கீறினாலே எழுத்து விழும்.

1348இல் இங்கிலாந்துக்குள் கொள்ளைநோய் நுழைந்தது. இரண்டே ஆண்டுகளில் நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்காவது மாண்டுபோனார்கள். அந்தக் கோபுரத்தின் உட்சுவரில் யாரோ லத்தீனில் கீறி வைத்திருக்கிறார். 1350 என்று ஆண்டைக் குறித்து, நடந்த கொடுமைக்குச் சாட்சி சொல்ல மக்களில் கழிசடைகள்தான் மிஞ்சினோம் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். 1361இல் அடித்த பெருங்காற்றையும் அங்கே குறித்திருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. இன்னொருவர், தூணின் மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை, காறித் துப்புகிறேன் என்று கீறியிருக்கிறார்!

ராஜாவுக்கும் ஆயருக்கும் எழுத ஆள் இருந்தது. இவர்களுக்குச் சுவர்தான் இருந்தது. அந்த ஊர் பட்ட பாட்டை இன்றைக்கும் நமக்குச் சொல்வது அந்தக் கீறல்தான்.

நாம் என்ன எழுதி வைத்தோம்? 2021இல் என் பெரியண்ணன் போனபோது மயானத்துக்கு நாலு பேர்தான் போக முடிந்தது. முகம்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அதை ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த இரங்கல்கள் பழைய போனோடு போய்விட்டன. நாளைக்கு அவர் பேரன் கேட்டால் எதைக் காட்டுவேன்?

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். அந்த இரண்டு வருடங்களில் உங்கள் வீட்டில் யார் போனார்கள், என்ன தேதி, யார் சோறு கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள் என்று எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். பிழை இருந்தாலும் நான் திருத்த மாட்டேன்.

கடைசியாக ஒன்று. ஏழாம் வகுப்புச் சுவரில் 'மழை பெய்தால் இங்கே ஒழுகும்' என்று கீறிய தம்பி, நீ இதைப் படித்தால்: அன்று உன்னை முட்டி போட வைத்தேன். நீ எழுதியது உண்மை. டீச்சரை மன்னித்துவிடு.