காரைக்குடிக்குப் பழைய சாமான் வாங்கப் போறீங்களா?

லீவுக்கு மதுரை வருகிற சகோதரிகள் ஒரு நாளைக் காரைக்குடிக்கு ஒதுக்கலாம். காரில் இரண்டு மணி நேரம்தான். விடிகாலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் முனீஸ்வரன் கோயில் தெருவைச் சுற்றிவிடலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, பர்மாத் தேக்குத் தூண், ரவிவர்மா படம் என்று கடைகளில் குவிந்து கிடக்கும். அண்டாவைப் பார்த்ததும் ஆசை வரத்தான் செய்யும். பிளாட்டில் எங்கே வைப்பதாம்? வீட்டில் இடத்தை அளந்து எழுதிக்கொண்டே புறப்படுங்கள். முதல் கடையிலேயே பணத்தை நீட்டாமல் நாலு கடை விசாரியுங்கள். (வீட்டுக்காரருக்கு இரண்டாவது கடையிலேயே பொறுமை போய்விடும். குழந்தைகளோடு டிபனுக்கு அனுப்பிவிடுங்கள்!)

பழைய எனாமல் பாத்திரம் அழகுக்கு மட்டும்தான். அந்தக் காலத்து வர்ணப் பூச்சில் காரீயம், காட்மியம் இருக்கலாம். அதில் குழந்தைக்குப் பால் காய்ச்சவே வேண்டாம். பித்தளையில் சமைக்க ஆசையா? உள்ளே ஈயம் பூசாமல் புளி, தயிர், எலுமிச்சை சேர்க்காதீர்கள், களிம்பு ஏறிவிடும். பூசுவதும் சுத்தமான வெள்ளீயமாக இருக்கணும். காரீயம் கலந்தால் விஷம், அதுவும் சின்னக் குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல்.

சாமி சிலை மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை என்றால், 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்லியல் துறையில் பதிவு செய்த சான்று வேண்டும். எந்தக் கோயிலில் திருடியதோ, யார் கண்டது?

ஜாடியைச் சுற்ற இரண்டு பழைய புடவையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.