கடிகாரமும் பவளப்பாறையும்

சுவிட்சர்லாந்தின் ஓரிஸ் நிறுவனம் புளோரிடாவின் கேரிஸ்போர்ட் பவளப்பாறையின் பெயரில் கைக்கடிகாரம் வெளியிட்டு, பவள மீட்புப் பணிக்குத் துணைநிற்கிறது. நற்செயலே. ஆனால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அதை வாங்கிக் கட்டக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

நம் மாநிலத்தின் தென்கடலிலேயே, மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் இருந்தன. சுண்ணாம்புக்காக அவற்றை வெட்டினார்கள். 1986-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பின்னரும் வெட்டினார்கள். அரணிழந்த பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகளும் கடலுக்குள் அமிழ்ந்தன. பாறைபோல் திரளும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டரே வளரும்! ஏதேனில் ஆதாமுக்கு அளிக்கப்பட்ட பொறுப்பில் காத்தலும் அடங்கும். கடலுக்கு மட்டும் விலக்கு உண்டோ?

இராமேசுவரம் சுற்றுலா செல்லும் வாலிபரே, எவரேனும் பவளப்பாறைத் துண்டை நீட்டினால் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவ்வணிகத்தைத் தடைசெய்கிறது.