வளவைத் திருத்துவோம்

சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்தில் நிகழ்ந்ததொன்றைச் சொல்லி இவ்வாரம் தொடங்குகின்றோம். அது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று. ஆயினும் பிறருக்குப் பயன்படக்கூடியதை மறைத்தல் ஆசிரியத் தொழிலுக்கு அழகாகாது.

வீட்டின் பின்புறத்தே சிறிய மிளகாய்த் தோட்டம் ஒன்று வைத்திருந்தோம். நீரிறைக்கும் இயந்திரத்துக்கு வேண்டிய மண்ணெண்ணெயை ஒரு சோடாப் போத்தலில் ஊற்றிக் கிணற்றடியில் வைப்பது நம் வழக்கம். ஒருநாள் நண்பகலில், விளையாடிக் களைத்து வந்த நம் இளைய மகன் அப்போத்தலைத் திறந்து குடித்துவிட்டான். அப்போது அவனுக்கு வயது நான்கு. அலறல் கேட்டு ஓடிய நாம், பதற்றத்தால் உப்பு நீர் பருக்கி வாந்தியெடுக்கச் செய்தோம். அது முதற் பிழையினும் பெரிய பிழை என்பதை வைத்தியர் பின்னர் உணர்த்தினார். மண்ணெண்ணெய் வயிற்றிற் செய்யும் தீங்கினும் நுரையீரலுட் புகுந்து செய்யும் தீங்கே கொடிது. வாந்தியெடுக்கும்போது அது அங்கே புகுதல் எளிது. ஆதலால் மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை ஒருபோதும் வாந்தியெடுக்கச் செய்யாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். நம் மகன் காய்ச்சலும் இருமலுமாய்ச் சில நாட் கிடந்து, பின் நலமடைந்தான்.

விடைபெறும் வேளையில் வைத்தியர் நம்மை நோக்கி, "மாஸ்டர், பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமோ?" என்றார். இன்னும் ஏடு தொடக்கவில்லை என்றோம். "வாசிக்கத் தெரிந்தாலும் அப்போத்தலில் எழுதியிருப்பது சோடா என்றுதானே?" என்றார். நாம் வாய் திறக்கவில்லை.

உண்மையை ஆராயின், "கிணற்றடிக்குப் போகாதே" என்று அவனுக்கு நூறு முறை சொல்லியிருந்தோம். சொன்னதோடு நம் கடமை முடிந்ததென எண்ணியிருந்தோம். ஆயின் நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல் ஒரு கணம் நிற்கும். தாகமோ, பட்டாம்பூச்சியோ வந்தவுடன் அகன்றுவிடும். அது பிள்ளையின் குற்றமன்று, பருவத்தின் இயல்பு. எனவே சிறு பிள்ளையைத் திருத்த முயலுமுன் அவன் ஓடித் திரியும் வளவைத் திருத்துதல் பெரியோர் கடமையாகும்.

முதலிற் கிணற்றைப் பார்ப்போம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணக்கற்பாறையினூடே ஊறும் நீரே நமக்குச் செல்வம். வீட்டுக் கிணற்றுக்குக் கட்டு உண்டு. தோட்டக் கிணறுகள் பலவும் துரவுகளும் நிலமட்டத்தோடு வாய் திறந்து கிடக்கின்றன. துலா மிதித்து இறைத்த நாளிற் கிணற்றடியில் எந்நேரமும் ஆள் இருந்தனர். இன்று இயந்திரத்தை இயக்கிவிட்டு அப்பாற் போய்விடுகின்றோம். 1995ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் நேர்ந்த இடப்பெயர்வுகளின்போது கைவிடப்பட்ட வளவுகளில், பற்றைக்குள் மறைந்த கிணறுகளும் உள. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் மேலெழுந்து நிற்கும்போது, பிள்ளையின் கண்ணுக்கு அது முற்றத்து வெள்ளம்போலவே தோன்றும். மார்பளவு கட்டு எழுப்புக. இயலாதாயின் கம்பிவலையாலோ பனஞ்சலாகையாலோ உறுதியாக மூடுக.

அடுத்தது கிருமிநாசினி. இதிலே நம் நாடு ஒரு பாடத்தைக் கற்றுத் தந்துள்ளது. மிகக் கொடிய பூச்சிநாசினிகளின் இறக்குமதி 1995ஆம் ஆண்டளவிலும், எண்டோசல்பான் 1998ஆம் ஆண்டிலும் தடை செய்யப்பட்டன. அதன் பின்னர் நஞ்சினால் இறப்போர் தொகை பெரிதுங் குறைந்தது. மக்களின் இயல்பு ஒரே நாளில் மாறிவிடவில்லை. கையெட்டுந் தூரத்திலிருந்து கொடிய நஞ்சு அகன்றது, உயிர்கள் தப்பின. நாடு செய்ததை வீடு செய்யலாகாதோ? எஞ்சியுள்ள மருந்துகளை அவை வந்த கொள்கலத்திலேயே வைத்துப் பூட்டுக. வெறும் போத்தலை விளையாடக் கொடாதீர். உணவும் நீரும் இருந்த பாத்திரத்தில் நஞ்சை ஊற்றாதீர்.

உழவு இயந்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். பேரனை மடியில் ஏற்றி வயலைச் சுற்றுதல் பாட்டனாருக்கு இன்பந் தரும். பள்ளத்தில் ஒரு குலுக்கல் போதும், பிள்ளை சில்லின்கீழ் விழுவதற்கு. ஒருவர்க்கென அமைந்த இருக்கையில் ஒருவரே இருத்தல் வேண்டும். பின்னோக்கி எடுக்குமுன் இறங்கிப் பார்த்தலும், நிறுத்தியபின் திறப்பைக் கையோடு கொண்டுசெல்லலும் வழக்கமாகட்டும்.

அறிவுரையே வேண்டாவென்று நாம் கூறவில்லை. நம்மால் அகற்ற இயலாதவற்றுக்கு அறிவுரையே அரண். 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தும், வெடிபொருள்கள் எஞ்சிய நிலங்கள் வன்னியில் இன்னும் உள. இனந்தெரியாத உலோகப் பொருளைக் கண்டாற் தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவருக்குச் சொல் என்னும் மூன்றையும் பள்ளி செல்லும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் மனத்திற் பதித்தல் வேண்டும். பாம்பு தீண்டினால் கீறாமலும் இறுகக் கட்டாமலும், தீண்டிய உறுப்பை அசையாது வைத்து, காலந் தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் செல்க என்பதையும் கற்பித்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு பணி உண்டு. இன்று ஞாயிறு. உங்கள் வீட்டுச் சிறு தம்பியின் உயரத்துக்குக் குனிந்து, வளவை ஒருமுறை சுற்றி வாருங்கள். அவன் கைக்கு எட்டுவன யாவை, அவன் கால் இடறுவது எங்கே எனக் குறித்துத் தந்தையாரிடம் கொடுங்கள். நம் மகன் இன்று உயர்தர வகுப்பில் படிக்கின்றான். நம் வீட்டிற் பூட்டிய அலுமாரியின் திறப்பு அவனிடமே இருக்கின்றது. எல்லாப் பிழைகளும் நமக்கு வாய்த்ததுபோல் திருத்த இடந்தருவன அல்ல. ஆதலால் இன்றே குனிந்து பாருங்கள்.