எடை குறைப்பு முகாமுக்குப் போறீங்களா? முதல்ல மாத்திரைப் பையைத் திறந்து பாருங்க

"பத்து நாள் தங்குங்கள், ஆறு கிலோ குறையுங்கள்" என்று ஒரு நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் சென்னை, கோவைக்காரர்கள்தான் இதைப் பற்றிக் கேட்பார்கள். இப்போது அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கமிருந்தும் "போகலாமா டாக்டர்?" என்று கேட்கிறீர்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமனோடு இருக்கிறார்கள். குண்டாறு காய்ந்து கிடக்கிற ஊர் என்பதால் நமக்கு மட்டும் விலக்கு கிடைத்துவிடாது.

நான் இந்த முகாம்களுக்கு எதிரி இல்லைங்க. தங்கி வைத்தியம் பார்ப்பது நம் நாட்டில் பழைய பழக்கம்தான். 1946-லேயே புனே பக்கத்தில் உருளிகாஞ்சனில் காந்தி இயற்கை மருத்துவ ஆசிரமம் ஆரம்பித்தார். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. படித்த மருத்துவர் இருக்கிற இடத்தில் ஒழுங்காக நடத்தினால் நல்லதுதான்.

எனக்குப் பயம் அங்கே கொடுக்கிற சாப்பாட்டைப் பற்றி இல்லை. நீங்கள் கையோடு கொண்டுபோகிற மாத்திரைப் பையைப் பற்றி.

திருச்சுழியில் 52 வயது அக்கா ஒருத்தர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. காலையில் இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, ராத்திரி மறுபடி சோறு. இந்தச் சாப்பாட்டுக்குத் தகுந்த அளவில்தான் அவருக்கு மாத்திரை எழுதப்பட்டிருக்கிறது. முகாமில் முதல் நாளே சாம்பல் பூசணிச் சாறும் ஒரு கிண்ணம் பப்பாளியும் தருகிறார்கள். மாத்திரை மட்டும் அதே மாத்திரை.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைக் கசக்கி இன்சுலினை வெளியே விடும். நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்பது அந்த மாத்திரைக்குத் தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்கு அக்காவுக்கு வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கிறவர் என்ன சொல்வார் தெரியுமா? "பயப்படாதீங்க, உடம்புல இருக்குற நச்சு வெளியேறுது."

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன். நச்சும் இல்லை, கழிவும் இல்லை. அது லோ சுகர். விரலில் குத்திப் பார்த்தால் 70-க்குக் கீழே இருக்கும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். இந்த மாத்திரையால் வருகிற லோ சுகர் ஒரு தடவை சரியாகி, சில மணி நேரத்தில் மறுபடியும் வரும். "சரியாயிடுச்சு, படுத்துத் தூங்குங்க" என்று விட்டுவிட முடியாது.

இன்னொன்று டாபாகிளிப்ளோசின். நல்ல மாத்திரை. 2020-க்குப் பிறகு விலை குறைந்ததால் நம் ஊர்க் கடைகளிலும் நிறையப் புழங்குகிறது. மெட்பார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வருவதால், சாப்பிடுகிறவருக்கே அது உள்ளே இருப்பது தெரியாது. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான் இதன் வேலை. சோற்றை அடியோடு நிறுத்திப் பட்டினியும் கிடந்தால், உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்து, கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறிவிடலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வரும். இதில் மோசம் என்னவென்றால், குளுக்கோமீட்டரில் 180, 200 என்றுதான் காட்டும். "சுகர் பெருசா ஏறலையே" என்று எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். இது ஐசியூவில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலைமை.

பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் "எச்" என்று ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அது நீர் பிரிய வைக்கிற மருந்து. அதைப் போட்டுக்கொண்டு, உப்பில்லாமல் சாப்பிட்டு, நீராவிக் குளியலும் எடுத்தால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். சோடியம் இறங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் சும்மா பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கே தலை சுற்றுகிறது.

"அப்போ குறைவா சாப்பிட்டு எடையைக் குறைக்கவே கூடாதா?" அப்படி இல்லை. 2017-இல் பிரிட்டனில் டைரக்ட் என்ற ஆய்வின் முடிவு வந்தது. சர்க்கரை நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்த, இன்சுலின் போடாத 149 பேருக்கு ஒரு நாளைக்கு 850 கலோரிக்குள்தான் கொடுத்தார்கள். அதுவும் மூன்று முதல் ஐந்து மாதம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சுகர் கட்டுக்குள் இருந்தது. இரண்டு வருஷத்தில் அது 36 சதவீதம்.

அங்கே மருத்துவர்கள் முதல் நாளே செய்த வேலை என்ன? சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தியது. நிறுத்திவிட்டுத் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள், தேவைப்பட்டவருக்குத் திரும்பக் கொடுத்தார்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒருத்தருக்கு நிறுத்த வேண்டியது இன்னொருத்தருக்குப் பாதியாகக் குறைத்தால் போதும். இன்சுலின் போடுகிறவர்கள், கிட்னி, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இந்தப் பட்டினி முகாம் பக்கமே போக வேண்டாம்.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. அதில் இருந்தவர்கள் யாரும் முகாமில் தங்கவில்லை. அவரவர் வீட்டில், அவரவர் அடுப்பங்கரைக்குப் பக்கத்திலேயே இருந்துதான் குறைத்தார்கள்.

தங்கிக் குறைத்தவர்கள் கதை வேறு. அமெரிக்காவில் "தி பிக்கஸ்ட் லூசர்" என்று ஒரு டிவி போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரைக் கெவின் ஹால் என்கிற ஆராய்ச்சியாளரின் குழு ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்தது. 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அவர்கள். அதில் 41 கிலோ திரும்பி வந்துவிட்டது. அதோடு, அவர்களுடைய உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கிற சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்கு 500 கலோரி அளவுக்குக் குறைந்து கிடந்தது. நம் கணக்கில் ஏழு இட்லி. பழையபடி சாப்பிட்டால் தினமும் ஏழு இட்லி மிச்சமாகிற உடம்பு! இவர்களுக்கு மன உறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

பத்து நாளில் குறைகிற ஆறு கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான். ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த சர்க்கரையும், அது பிடித்து வைத்திருந்த தண்ணீரும் சேர்ந்தே இரண்டு கிலோ வரும். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு சாப்பிட்டதும் அது திரும்பிவிடும். "எல்லாம் வீணாப்போச்சு" என்று அழாதீங்க. திரும்பி வந்தது தண்ணீர்.

முகாமில் எடை குறைவதற்குக் காரணம் மூலிகைச் சாறு இல்லை, அங்கே உங்கள் வீடு இல்லாததுதான். பத்தாம் நாள் அந்த அக்கா எந்த வீட்டுக்குத் திரும்புகிறார்? மில் ஷிப்ட் முடிந்து வருகிற வீட்டுக்காரருக்குச் சோறு வேண்டும். மகன் விருதுநகரிலிருந்து எண்ணெய் புரோட்டா வாங்கி வந்திருப்பான். மிஞ்சினதைக் கொட்ட மனசு வராமல் அக்காதான் சாப்பிடுவார். ரேஷன் அரிசியை நான் குறை சொல்லமாட்டேன். இந்தக் கரிசக்காட்டில் பசியைத் தீர்த்தது அது. "பழையபடி கம்பு, குதிரைவாலிக்கு மாறிடுங்க" என்றும் சொல்லமாட்டேன். குதிரைவாலியைத் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டாலும் சுகர் ஏறத்தான் செய்யும். சோறு பாதியாகி, அந்த இடத்துக்குக் காயும் பயறும் முட்டையும் வர வேண்டும். அதுவும் வீட்டில் எல்லார் தட்டிலும். அக்கா தட்டில் மட்டும் மாறினால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

அதனால் பணம் கட்டும் முன் முகாம்காரர்களிடம் கேளுங்கள். ராத்திரி மருத்துவர் இருப்பாரா, குளுக்கோமீட்டர் இருக்கிறதா, என் மாத்திரையை யார் மாற்றுவார், மூன்று மாதம் கழித்தும் போன் எடுப்பீர்களா, கடைசி நாள் என் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துப் பேசுவீர்களா? "எல்லா மாத்திரையையும் தூக்கிப் போட்டுடலாம்" என்று பதில் வந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.

போவதற்கு ஒரு வாரம் முன்பு மாத்திரை அட்டைகளையும் முகாமின் உணவுப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரையோ உங்கள் டாக்டரையோ பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிற தங்கச்சியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்களுக்குத் தருகிற அளவு மாறியிருப்பது அவருக்கும் தெரியணும்.

திரும்பி வந்த மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் சுகரும், கூடவே பிரஷரும் பாருங்கள். நிறுத்தின மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம், தொடங்காமலேயே விட்டுவிடவும் வேண்டாம். அந்த எண்களோடு அதே டாக்டரிடம் போங்கள். வேகமாக எடை குறைந்தவர்களுக்குப் பித்தப்பையில் கல் வரலாம். அடுத்த சில மாதங்களில் சாப்பிட்ட பிறகு வலது பக்க விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கிற மாதிரி வலி வந்தால், வாயு என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காமல் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க.