பழைய ஹாலுக்குப் புது வர்ணம்

"வளைகாப்பு முடிந்து பெண் பிரசவத்துக்கு வரப் போகிறாள். அதற்குள் ஹாலைப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும். வீடு கட்டி அறுபது வருஷமாகிறது. என்ன கலர் அடிக்கலாம்?" என்று மாம்பலத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கலரைப் பற்றிப் பிறகு பேசலாம், அம்மா! முதலில் ஒரு கேள்வி. உங்கள் ஹாலில் இடுப்பளவுக்குப் பச்சை ஆயில் பெயிண்டும் அதற்கு மேலே சுண்ணாம்பும்தானே? பழைய வீடுகள் பலவற்றில் அப்படித்தான். தலையெண்ணெய்க் கறையும் குழந்தைகளின் கைக்கறையும் துடைத்தால் போய்விடும். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் அந்த ஆயில் பெயிண்டிலும், ஜன்னல் கதவுகளில் அடித்ததிலும் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்ற சர்க்கார் விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. எதில் ஈயம் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சுவரோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் வரையில் பாதகமில்லை. வறட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் வினை. அந்தத் தூசி கர்ப்பிணியின் உடம்பில் சேர்ந்தால் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் போய்ச் சேரும். பிறகு தவழும் குழந்தை, தரையைத் தொட்ட கையை வாயில் வைத்துக்கொள்ளும். மூளை வளர்ச்சியைக் கெடுப்பதில் ஈயம் பொல்லாதது. ஆகவே, பெண் வருமுன் வேலை முடிந்து, வீட்டைக் கழுவித் துடைத்து, பெயிண்ட் வாசனையும் போயிருக்க வேண்டும். நாள் போதாதென்றால் இந்தத் தடவை புதுத் திரைச்சீலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சம்பந்தி வீட்டார் சுவரைப் பார்க்கவா வருகிறார்கள்?

நாள் இருக்கிறதா? சரி. பெயிண்ட் உரியாத இடத்தைச் சுரண்டவே வேண்டாம். தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து மினுமினுப்பைப் போக்கி, ப்ரைமர் அடித்தால் போதும். நெருப்புக் காட்டி உரிக்கிறேன் என்று பெயிண்டர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஈயம் புகையாகக் கிளம்பும். விழுந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

மேல் சுவரில், பொங்கலுக்குப் பொங்கல் நீலம் கலந்து அடித்த வெள்ளை ஏடு ஏடாகப் படிந்திருக்கும். அதன் மேல் எமல்ஷன் அடித்தால் சீக்கிரமே சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்து வரும். நனைத்துச் சுரண்டி, பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்த பிறகுதான் வர்ணம். "பட்டி எதற்கு, தண்டச் செலவு?" என்பார் வீட்டு எஜமானர். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சுவரில் ஓதம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு பாலிதீன் தாளின் நாலு ஓரத்தையும் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. குழாய்க் கசிவோ, மாடித் தண்ணீரோ, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எத்தனை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் உப்புப் பூத்துக் கொப்புளிக்கும்.

இனி கலர். கடைக்காரர் நீட்டும் அட்டையில் சாதுவாக இருக்கும் மஞ்சள், நாலு சுவரிலும் ஏறினால் கண்ணைக் கூசும். சின்ன டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிச் சதுரத்துக்குச் சுவரிலேயே அடித்து, காயவிட்டு, காலையிலும் ராத்திரி விளக்கிலும் பாருங்கள். வெளிச்சம் குறைந்த ஹாலுக்கு, தந்த நிறமோ இளஞ் சந்தன நிறமோ எடுக்கும். விட்டத்துக்கு வெள்ளையே போதும். பழைய தேக்குக் கதவுக்குப் பக்கத்தில் இளம்பச்சையும் அழகுதான்.

15 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி என்றால் சுவர் 540 சதுர அடி. கதவு, ஜன்னல் போக 450 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோட்டுக்கு எட்டு ஒன்பது லிட்டர் பிடிக்கும். மிஞ்சுவதைச் சின்ன டப்பாவில் இறுக மூடி, மேலே கலர் நம்பரை எழுதி வையுங்கள். பேரனோ பேத்தியோ சுவரில் கிறுக்கும்போது தேவைப்படும்.