வான்வழியும் மலைவழியும்

திருவனந்தபுரத்திற்கும் துபாய்க்கும் இடையே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். வானூர்தி அதனைச் சுமார் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகின்றது. (துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி பின்தங்கியதாகலின், போகும்போது பயணச்சீட்டில் இரண்டரை மணிபோலத் தோன்றும்!) தென்காசியிலிருந்து திருவனந்தபுரமோ நூறு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. ஆயினும் புளியரை வளைவும் ஆரியங்காவுக் கணவாயும் தென்மலைக் காட்டுச் சாலையும் மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடுகின்றன. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டாலோ கூட்டத்தைக் கேட்கவே வேண்டா.

வளைகுடாவில் உழைக்கும் நம்மவர்க்கு இஃது அற்பக் கணக்கன்று. தந்தை மௌத்தான செய்தி கேட்டு முதல் வானூர்தியில் புறப்படும் மகன், கடலைக் கடந்தும் மலையைக் கடக்கும் முன்னரே ஜனாஸாத் தொழுகை முடிந்துவிடக் காண்கிறான். அடக்கத்தை நீட்டித்தல் நம் மரபுமன்று.

தூத்துக்குடி வாகைக்குளம் தென்காசிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர், இடையில் மலையில்லை. அங்கே ஓடுதளம் நீட்டிக்கப்பட்டு, 2025இல் புதிய முனையமும் திறக்கப்பட்டது. அங்கிருந்து வளைகுடாவிற்கு நேர் வானூர்தி வேண்டும் என்பதே நம் கருத்து. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை ஜமாஅத்துகள் ஒன்றுகூடி, ஆண்டுதோறும் சென்றுவருவோர் எத்துணையர் எனக் கணக்கெடுத்துத் தரட்டும். விமான நிறுவனங்கள் கேட்கும் முதற்கேள்வி அதுவே.